தீபாவளிக்குப் பின் திருத்தங்கல்: விமானம் ரத்தானால் கட்டிய பணம் என்னவாகும்?

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு ரயிலில் போனால், சிவகாசிக்கு முந்தைய நிலையம் திருத்தங்கல். ஊருக்குள்ளே சின்னக் குன்று. அதன் மேலே நின்ற நாராயணப் பெருமாள், செங்கமலத் தாயாரோடு. நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. ‘திரு’வாகிய மகாலட்சுமி தங்கித் தவமிருந்ததால் திருத்தங்கல் என்று தல புராணம் சொல்கிறது. சிலப்பதிகாரத்திலும் பெயர் வருகிற பழம்பெரும் ஊர். 2021-ல் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது.

பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் மூன்றும் இந்தப் பகுதிக்குச் சோறு போடுகின்றன. ஊரெல்லாம் தீபாவளிக்குப் புதுப்புடவை எடுக்கிற நேரத்தில், இங்குள்ள பெண்களுக்கு நிமிர நேரமிராது. பண்டிகை முடிந்து ஆலைகளுக்கு லீவு விட்ட பிறகுதான் இவர்களுக்கு ஓய்வு. முன்பெல்லாம் திருச்செந்தூர், பழனி என்று போய் வருவார்கள். இப்போது சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் மதுரைக்குப் போய் விமானம் ஏறி, காசி, ஷீரடி, காஷ்மீர் என்று ‘பேக்கேஜ் டூர்’ போகிற குடும்பங்களும் உண்டு.

கோயில் படியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஓர் இளம் தாய் பேச்சுவாக்கில் கேட்டாள்: “ஏன்க்கா, எங்க மதினி வீட்ல டூருக்குக் கட்டுனாங்க. பிளேன் ரத்தாயிருச்சு. டிக்கெட் காசு வந்தா தர்றேன், ரூமுக்கும் காருக்கும் கட்டுனது போனது போனதுதான்னு ஏஜெண்டு சொல்லிட்டாராம். அப்படித்தானா?”

“அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை, தாயி” என்றேன். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

2025 டிசம்பர் முதல் வாரம் நினைவிருக்கிறதா? விமானிகளின் ஓய்வு நேரத்துக்கான புது விதிகளுக்குத் தக்கபடி ஏற்பாடு செய்யாததால், இண்டிகோவின் விமானங்கள் 5-ம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் ரத்தாயின. டிக்கெட் பணத்தை 7-ம் தேதி இரவு 8 மணிக்குள் திருப்பித் தரும்படி மத்திய அரசு உத்தரவிட்டது. டிக்கெட் பணத்துக்கு இப்படி வழி இருக்கிறது.

பொதுவான விதியும் இதுதான். விமானக் கம்பெனி ரத்து செய்தால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம் தர வேண்டும். உரிய காலத்தில் தெரிவிக்காமல் ரத்து செய்தால் நஷ்டஈடும் உண்டு. பயண நேரத்தைப் பொறுத்து ரூ.5,000, ரூ.7,500 அல்லது ரூ.10,000, ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவாக இருந்தால், அந்தத் தொகை. புயல், கலவரம் போன்ற கைமீறிய காரணமென்றால் நஷ்டஈடு கிடைக்காது. டிக்கெட் பணம் கிடைக்கும். ஏஜெண்டிடம் வாங்கிய டிக்கெட்டானாலும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமானக் கம்பெனியுடையது.

சரி, ரூமும் காரும்? நம் நாட்டில் பேக்கேஜ் டூருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஐரோப்பாவில் இருக்கிறது, டூரே ரத்தானால் 14 நாளில் பணம் திரும்ப வேண்டும். நமக்குக் கை கொடுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். விமானம், ரூம், கார் என்று எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் விற்றவர், “எனக்குச் சம்பந்தமில்லை” என்று சுலபமாகக் கை கழுவ முடியாது. தராத சேவைக்குப் பணத்தை வைத்துக்கொள்வது சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடலாம். எவ்வளவு கிடைக்கும் என்பது ரசீதையும் நிபந்தனையையும் பொறுத்தது.

ஒரு வழக்கைக் கேளுங்கள். 2016-ல் ஒரு குடும்பம் காஷ்மீர் போகக் கிளம்பியது. ஜம்முவுக்கு ரயில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் தாமதமாய்ப் போய்ச் சேர, ஸ்ரீநகர் விமானம் போச்சு. டாக்ஸிக்கு ரூ.15,000 அழுதார்கள், தால் ஏரிப் படகு வீட்டுக்குக் கட்டியதும் வீண். ராஜஸ்தானில் அல்வர் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்கள். டாக்ஸிக்கு ரூ.15,000, முன்பதிவுக்கு ரூ.10,000, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா ரூ.5,000 என்று தீர்ப்பு. ரயில்வே மேல்முறையீடு செய்தும், 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. தாமதத்துக்குத் தக்க காரணத்தை ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும் என்றது.

டூர் கம்பெனி சென்னையிலோ மும்பையிலோ இருந்தால்? கவலையில்லை. 2019 சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆண்டாளைச் சேவிக்கவும் பால்கோவா வாங்கவும் நாம் போகிற ஊர்தானே! கட்டிய தொகை ரூ.5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணமில்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டுமென்பதில்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

பணம் கட்டும்போதே கவனிக்க வேண்டியவை:

1. விமானம், ரூம், கார், சாப்பாடு என்று தனித்தனியாய்த் தொகை எழுதிய ரசீது கேளுங்கள்.

2. டிக்கெட்டில் உங்கள் போன் நம்பரைக் கொடுக்கச் சொல்லுங்கள். சில ஏஜெண்டுகள் தங்கள் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். பயணியின் தொடர்பு விவரம் சரியாக இல்லாவிட்டால் நஷ்டஈடு கிடைக்காமல் போகும்.

3. ‘விமானம் ரத்தானால்’ என்ற நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

4. ரத்துச் செய்தி, நீங்கள் செய்த மாற்றுச் செலவின் பில், எதையும் அழிக்கவோ எறியவோ வேண்டாம்.

5. முதலில் எழுத்து மூலம் பணம் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பிறகுதான் ஆணையம்.

வருஷம் முழுக்க மருந்து நெடியில் உழைத்துச் சேர்த்த காசு. ரசீதை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, சந்தோஷமாய்ப் போய் வாருங்கள்!