நோயிலும் பிரமாணிக்கம்

பீடத்தின் முன்னே வலக்கரம் பற்றி நிற்கும் மணமக்கள், உடல்நலம் குன்றினாலும் ஒருவருக்கொருவர் பிரமாணிக்கமாய் இருப்பதாக வாக்களிக்கின்றனர். எந்தெந்த நோய்க்கு அவ்வாக்குப் பொருந்தும் என்று அங்கே எவரும் பட்டியல் வாசிப்பதில்லை. ஆயினும், நம் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குரிய விவாகரத்துச் சட்டத்தில், மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகத் தொழுநோயின் பெயர் 2019 வரை எழுதப்பட்டிருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

என் தாய்மாமன் அந்நோய்க்கு ஆளானவர். 1980-களின் நடுவில், மணமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த வேளையில், அவர் முதுகில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் ஒன்று தோன்றிற்று. வலக்கையின் இரு விரல்கள் மடங்கத் தொடங்கிய பின்னரே மருத்துவரிடம் சென்றார். செய்தி பரவியதும் உறவினர் கூடி, கைக்குழந்தையோடு தாய்வீடு திரும்பும்படி மாமியை வற்புறுத்தினர். "கோயிலில் சொன்னதை வீட்டில் மாற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது" என்று கூறிவிட்டு, மாமி உலைக்கு அரிசி களையப் போய்விட்டார். இரண்டாண்டுகள் மருந்துண்டு மாமா முற்றிலும் குணமடைந்தார். விரல்கள் மட்டும் நிமிரவில்லை. அவ்விரு விரல்களின் பொருட்டு, நோய் நீங்கிய பின்பும் பல ஆண்டுகள், விருந்துப் பந்திகளில் அவருக்கு அடுத்த இலை ஆளின்றியே கிடந்தது.

நோயின் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தது 1873-ஆம் ஆண்டில். அதே ஆண்டில்தான் தமியான் அடிகளார் மொலக்காய்த் தீவில், ஒதுக்கப்பட்ட நோயாளரிடையே பணியேற்றார். அந்நாளில் மருந்தில்லை. நோயாளரோடு நோயாளராகி 1889-இல் அவர் உயிர் நீத்தார். 2009-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. இன்றோ நிலைமை வேறு. 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று 6 அல்லது 12 மாதங்களில் நோய் குணமாகிறது. மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே பிறருக்குப் பரவுவதும் நின்றுபோகிறது. மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. மடங்கிய விரல் நரம்பு பட்ட சேதத்தின் தழும்பேயன்றி, தொற்றின் அடையாளமன்று. அத்தகைய கைகளை அறுவை சிகிச்சையால் மீண்டும் உழைக்கச் செய்யலாம் என்று மருத்துவர் பால் பிராண்ட் காட்டியது நம் வேலூரில் அன்றோ!

மருத்துவம் இவ்வளவு தூரம் நடந்த பின்பும் சட்டம் பின்தங்கியே நின்றது. வறிய தொழுநோயாளரைப் பிடித்து அடைத்து வைக்க இடமளித்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. 1869-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டம் 2001-இல் திருத்தப்பட்டபோது, குணப்படுத்த இயலாத கொடிய தொழுநோய் ஈராண்டு நீடித்தால் மணமுறிவு கோரலாம் என்னும் விதி அதில் இடம்பெற்றது. குணப்படுத்தும் மருந்து கிடைத்து இருபது ஆண்டுகள் ஆன பின்பு, 'குணப்படுத்த இயலாத' என்ற சொல்லை ஏட்டில் எழுதினார்கள்! 2019-இல் நாடாளுமன்றம் ஐந்து சட்டங்களிலிருந்து இந்தக் காரணத்தை நீக்கியது. மாமியைப் போன்றோர் பல்லாண்டுகளுக்கு முன்பே தம் வாழ்வால் எழுதிய தீர்ப்பைச் சட்டம் அன்றுதான் படித்தது எனலாம்.

ஏட்டிலிருந்து சொல்லை அழிப்பது எளிது. உள்ளத்திலிருந்து அச்சத்தை அழிப்பது குடும்பங்களின் வேலை. 2023-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. உலகத் தொகையில் இது பாதிக்கும் மேல். அவர்களுள் பலர் தாமதமாக வருவதற்கு, ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சமும் ஒரு காரணம். அந்தத் தாமதமே விரல்களைப் பறிக்கிறது.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகளின் உடலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டால் மறைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள், மருந்து இலவசம். பெண் பார்க்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் போகும் வீட்டில், என்றோ குணமான ஒரு நோயைக் காரணம் காட்டி எழுந்து வராதீர்கள். அடுத்த பந்தியில் மடங்கிய விரல்களோடு ஒருவர் அமர்ந்திருந்தால், அவர் பக்கத்து இலையில் நீங்கள் போய் அமருங்கள்.