நம்ம கணக்குல வராத பிள்ளை

விழுப்புரத்தில் பாண்டி பஸ் ஏறினால், போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை மாநில எல்லையைத் தாண்டிவிடலாம். வளவனூர் வரைக்கும் தமிழ்நாடு. மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் திரும்பவும் தமிழ்நாடு. அடுத்து அரியூர், மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் கைக்கு எந்தெந்த ஊர் சிக்கியதோ அதெல்லாம் அவனுடையது என்று ஆனதில் வந்த வினை. 1954 நவம்பர் 1ஆம் தேதி அவன் விட்டுவிட்டுப் போனான், கோடு அப்படியே கிடக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கோடு ஒயின்ஷாப் போர்டில் தெரியும், பெட்ரோல் விலையில் தெரியும். எனக்கு அது ஒரு குழந்தையின் கையில் சுற்றிய அளவு நாடாவில்தான் தெரிந்தது.

அம்மா கண்டமங்கலம் ஒன்றியத்தில் ஒரு சின்ன ஊரில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்தார். ஊரில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். பால்வாடி டீச்சர். நான் நடக்கப் பழகியதே அந்த ஒற்றை அறைக்குள்தான். ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் சத்துமாவு மூட்டை, நடுவில் பாய். பழைய சேலையில் கட்டிய தூளி ஒன்று உத்திரத்திலிருந்து தொங்கும். மிச்ச இடமெல்லாம் பதிவேடுகள். வருகைக்கு ஒன்று, எடைக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று, கர்ப்பிணிகளுக்கு ஒன்று, முட்டைக்கு ஒன்று. முட்டைப் பதிவேட்டில் ஒரு முட்டை குறைந்தாலும் அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வராது. உடைந்த முட்டைக்குத் தன் கைக்காசைப் போட்டுக் கடையில் வாங்கி வைத்துவிடுவார்.

திட்டத்தின் பெயரிலேயே 'ஒருங்கிணைந்த' என்று ஒரு சொல் இருக்கிறது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது. ஆறு சேவைகள்: இணை உணவு, முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கான நலக்கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைப்பது. இதில் கடைசி மூன்றும் சுகாதாரத் துறையின் வேலை. ஊசி நர்ஸம்மாவிடம் இருக்கும், ஊசி போடவேண்டிய பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது என்பது அம்மாவிடம் இருக்கும். தண்ணிக் குழாய் உடைந்தால் ஊராட்சி. ஐந்து வயதானால் பள்ளிக்கூடம். எல்லாரும் வேறு வேறு துறை, வேறு வேறு மேலதிகாரி. மாதாந்திரக் கூட்டத்தில் 'துறைகளின் ஒருங்கிணைப்பு' என்று பேசுவார்களாம். எனக்குத் தெரிந்த ஒருங்கிணைப்பு, புதன்கிழமை காலையில் ஊசி போடும் நாளன்று அம்மா தெருத்தெருவாகப் போய் "ஏய், பிள்ளைய தூக்கினு வா, நர்ஸம்மா வந்துட்டாங்க" என்று கத்துவதுதான்.

இத்தனைக்கும் அரசாங்கக் கணக்கில் அம்மா ஊழியர் கிடையாது. மதிப்பூதியம் வாங்கும் தொண்டர். 2018இல் உயர்த்திய பிறகும் ஒன்றிய அரசு நிர்ணயித்தது பணியாளருக்கு 4500 ரூபாய், உதவியாளருக்கு 2250. மாநில அரசு அதன் மேல் போட்டுத் தருவதால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2022 ஏப்ரலில்தான். அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். "செரி, முட்டை வண்டி இன்னும் வரல, போன் போடு" என்றார்.

2020 பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்தேன். லீவு முடிந்த மறுநாள் நானும் அம்மாவோடு சென்டருக்குப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு செங்கல் சூளை உண்டு. தை பிறந்தால் இருளர் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து தங்கும், மழைக்கு முன்னால் போய்விடும். அன்றைக்கு சூளையிலிருந்து ஒரு சின்னப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. அம்மாதான் போய்க் குழந்தையை வாங்கினார். பிறந்து ஒன்றரை வருஷம் ஆயிருந்தது. அழக்கூட இல்லை. தராசில் தொங்கவிட்டால் 6.4 கிலோ. அந்த வயசுப் பெண் குழந்தைக்குப் பத்துக் கிலோவை ஒட்டி இருக்கவேண்டும்.

அம்மா நாடாவை எடுத்துக் குழந்தையின் மேற்கையில் சுற்றினார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்ட காகித நாடா. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிவப்பு. 11.2 காட்டியது. நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

ஊசி அட்டை புதுச்சேரியில் போட்டது. ரேஷன் கார்டு அங்கே, பிறந்த ஆஸ்பத்திரி அங்கே. சூளை மட்டும் இந்தப் பக்கம். அம்மா போனில் மேலே கேட்டார். "அது நம்ம கணக்குல வராத பிள்ளைங்க. அந்தப் பக்கம் பதிவு இருந்தா அங்கதான் குடுக்கணும்" என்று பதில் வந்தது. அந்தக் குரலைக் குறை சொல்ல எனக்கு இப்போது மனசு வரவில்லை. அவருக்கும் மேலே ஒருவர் மூட்டைக் கணக்கு கேட்டுக்கொண்டிருப்பார். அம்மா "செரிங்க மேடம்" என்று போனை வைத்துவிட்டு, ஒரு நீல நோட்டில் குழந்தையின் பெயரை எழுதினார். பதிவேட்டில் இல்லை, எனக்கு வாங்கிய ரஃப் நோட்டில்.

அதன் பிறகு நடந்ததை எந்தத் துறையின் கோப்பிலும் பார்க்க முடியாது. நர்ஸம்மா வந்து பார்த்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆகவேண்டும் என்றார். குழந்தையின் அம்மா மாட்டேன் என்றாள். இரண்டு வாரம் படுத்தால் கல் அறுப்பது யார், முன்பணம் கழிவது எப்படி? போதாக்குறைக்கு மூத்தவன் ஒருத்தன், ஆறு வயசு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அவனை ஒண்ணாவதில் உட்காரவைத்து மத்தியான சாப்பாடும் போட்டார். ராத்திரிக்கு அவன் எங்கள் ஆயாம்மா வீட்டில் படுத்துக்கொண்டான். ஊராட்சித் தலைவர் சூளை முதலாளியிடம் போய்ப் பேசினார். என்ன பேசினாரோ தெரியாது, ஒரே ஜாதிக்காரர்கள். அந்த இரண்டு வாரத்தைக் கடனில் சேர்க்கமாட்டேன் என்று முதலாளி ஒத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்தது. குழந்தை திரும்பி வரும்போது 7.1 கிலோ. நீல நோட்டில் அம்மா அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார்.

மார்ச் 25இல் ஊரடங்கு. சூளை நின்றது. குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாக வயல் வழியாக நடந்து, திருபுவனைப் பக்கம் இருக்கும் உறவுக்காரர்கள் குடிசைக்குப் போய்விட்டது. மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஆனால் அதுவரைக்கும் வெறும் பெயரளவில் இருந்த கோட்டில் இப்போது இரும்புத் தடுப்பும் போலீஸும் நின்றது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை எடை பார்க்கவேண்டிய குழந்தை அந்தப் பக்கம், எடை தெரிந்தவர் இந்தப் பக்கம்.

அம்மா யார் யாரிடமோ கேட்டு அந்தப் பக்கத்து அங்கன்வாடி டீச்சரின் நம்பரை வாங்கினார். இருவரும் முன்னப்பின்னப் பார்த்ததில்லை. இரண்டு அரசாங்கம், இரண்டு துறை. ஒரு துறை இன்னொன்றுக்குக் கடிதம் எழுதவேண்டுமென்றால் அது சென்னை போய், பாண்டி போய், ஒவ்வொரு படியாக இறங்கி வரவேண்டும். அம்மா பேசியது நாலே வார்த்தை. "யம்மா, எங்க பிள்ளை ஒண்ணு உங்க பக்கம் வந்துக்குது." அந்தப் பக்கத்தில் எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்டார்களே தவிர, எந்த மாநிலம் என்று கேட்கவில்லை.

வாரம் ஒருமுறை நான்தான் டிவிஎஸ்ஸில் அம்மாவைத் தடுப்பு வரைக்கும் கொண்டுபோய் விடுவேன். பையில் சத்துமாவு இருக்கும். அந்த டீச்சர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். பை தடுப்புக்கு மேலாகக் கை மாறும், அங்கிருந்து ஒரு துண்டுச் சீட்டு இங்கே வரும். எடை, கைச்சுற்றளவு, பேதி உண்டா இல்லையா. முதல் வாரம் போலீஸ்காரர் விரட்டினார். அடுத்த வாரம், "பால்வாடியா? செரி, சீக்கிரம் குடுத்துட்டு போங்கம்மா" என்றார். மே கடைசியில் வந்த சீட்டில் 7.9.

ஒரு வருஷம் கழித்து இருப்புச் சரிபார்ப்பில் சத்துமாவு குறைந்தது தெரிந்து அம்மாவிடம் விளக்கம் கேட்டார்கள். நீல நோட்டைக் காட்டலாமே என்றேன். "அதக் காட்டுனா அந்தப் பக்கத்து டீச்சர் பேரும் வரும். அவளுக்கு எதுக்கு வம்பு" என்றார். கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பணத்தைக் கட்டினார். எவ்வளவு என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

அதே 2021இல்தான் போஷன் ட்ராக்கர் செயலி வந்தது. பதிவேடெல்லாம் போனுக்குள் போனது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அம்மா ஒவ்வொரு பிள்ளையாகத் தட்டித் தட்டி ஏற்றுவார், ஆதார் நம்பர் கேட்கும் இடத்தில் என்னைக் கூப்பிடுவார். செயலி வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. இடம் மாறிப் போகிற குழந்தையைப் பின்தொடர நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் இருப்பது நல்லதுதான். ஆனால் ஒரு குடும்பம் எந்தச் சூளைக்குப் போகிறது என்று முதலில் அந்தக் குடும்பத்துக்கே தெரியவேண்டும். அந்தக் குழந்தை அடுத்த சீசனுக்கு வரவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், இல்லை திருவள்ளூர் என்றார் இன்னொருவர். அவர்கள் கொடுத்த நம்பர் அணைந்தே கிடக்கிறது. இருந்தால் இப்போது பள்ளிக்கூடம் போகிற வயசு.

அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். பதிவேடும் தராசும் போனும் புது டீச்சரிடம் போய்விட்டன, நீல நோட்டு மட்டும் எங்கள் வீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது சாயங்காலம் அம்மாவின் சொந்த போன் அடித்தது. அந்தப் பக்கத்து டீச்சர். நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை.

"யக்கா, உங்க ஊரு சூளைக்கு இன்னிக்கி ஒரு குடும்பம் வருது. மூணு பிள்ளைங்க. கடைசிக்கு ஊசி ரெண்டு பாக்கி."

அம்மா புது டீச்சரின் நம்பரைத் தேடச் சொல்லி என்னிடம் போனை நீட்டிவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.