ஜாப் கார்டில் எழுதிய ஒரு வரி

அவிநாசியில் வக்கீல் தொழில் பார்ப்பவனுக்கு வரும் வழக்குகள் பெரும்பாலும் பாகப்பிரிவினை, வண்டிப்பாதை, செக் பவுன்ஸ். கம்ப்யூட்டரில் இருந்த கணக்கைக் காணோம் என்று ஒருவர் என் ஆபீஸ் படியேறியது அதுதான் முதல்முறை.

சேவூர் ரோட்டில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து டேலியில் கணக்கு எழுதிக் கொடுக்கிற பெண்மணி அவர். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரர்கள், செக்கிங், அயர்னிங் யூனிட் வைத்திருப்பவர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். அவர்களுடைய பில் போடுவது, ஜிஎஸ்டி ரிட்டன் தாக்கல் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. ஆள் யாரையும் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு கம்ப்யூட்டரை நம்பித்தான் குடும்பம் ஓடியது.

2020 ஜனவரி 14-ம் தேதியோடு விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. இனி அதில் வரிக்கணக்கு பார்ப்பது ஆபத்து என்று யாரோ சொல்ல, அடுத்த மாதமே சிபியுவைத் துணிப்பையில் சுற்றி, பஸ் ஏறி, கோவையில் இருக்கும் ஒரு சர்வீஸ் நிறுவனத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். விண்டோஸ் 10 போட வேண்டும், டேலி டேட்டா பத்திரம் என்று சொல்லியும் வைத்தார்.

திரும்பி வந்த சிபியுவில் புது விண்டோஸ் இருந்தது, டேலி டேட்டா இல்லை. டேலி ஈஆர்பி 9-ல் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஐந்து இலக்க எண்ணில் ஒரு ஃபோல்டர் இருக்கும். கணக்கு முழுவதும் அதற்குள்தான், .900 என்று முடியும் ஃபைல்களில் உட்கார்ந்திருக்கும். சி டிரைவில் அந்த ஃபோல்டர்களில் ஒன்றுகூட இல்லை. பழையதை வைத்துக்கொண்டே மேலே அப்கிரேடு செய்திருந்தால், 'விண்டோஸ்.ஓல்டு' (Windows.old) என்ற ஃபோல்டரில் பழைய சிஸ்டம் இருந்திருக்கும், 10 நாளைக்குள் பழையபடியே திரும்பிப் போகவும் வழி உண்டு. இங்கே டெக்னீஷியன் டிரைவையே ஃபார்மட் அடித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்திருந்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்மணி பட்ட பாடுதான் என்னை இந்த வழக்குக்குள் இழுத்தது. ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டால் ஒவ்வொரு முறையும் வேறொரு குரல். பெயர், மொபைல் எண், புகார் எண் என்று முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டும். ஒருநாள் ஒரு பையன் ஆன்லைனில் இவருடைய கம்ப்யூட்டருக்குள் வந்தான். அம்புக்குறி திரையில் அங்குமிங்கும் அலைந்தது, டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தது, மூடியது. அவ்வளவுதான், இணைப்பு போய்விட்டது. சற்று நேரத்தில் எஸ்எம்எஸ்: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.' அந்த எஸ்எம்எஸ்ஸை என்னிடம் காட்டும்போது அவருக்குக் கை நடுங்கியது. ரிட்டன் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், அதுவும் இவரை நம்பிய ஒவ்வொருவர் தலையிலும்.

"முதலை முழுங்குன பையனையே திருப்பிக் கொடுத்த ஊருங்க இது. எம்பட கணக்கத் திருப்பித் தர மாட்டேங்கறாங்க" என்றார். சுந்தரர் அழைக்க, குளத்து முதலை வாயிலிருந்து பாலகன் உயிரோடு வந்த கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லாம் நின்றது. அந்தத் தாமதத்தில் ஒரு நன்மையும் இருந்தது. 2020 ஜூலை 20-ல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டப்படி எதிர்தரப்பு கடை வைத்திருக்கும் கோவையில்தான் வழக்குப் போட்டிருக்க வேண்டும். புதிய சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்கிறது. வீட்டிலிருந்து தனியாகச் சம்பாதிக்கும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும்.

எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட்டோம். எதிர்தரப்பின் முதல் ஆட்சேபம், இவர் நுகர்வோரே அல்ல, வணிக நோக்கத்துக்குச் சேவை பெற்றவர் என்பது. அதற்கு என் கையில் இருந்தது நம் கோவை சம்பந்தப்பட்ட தீர்ப்பு: 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட். சிஎன்சி இயந்திரம் வாங்கிய நிறுவனம் அந்த வழக்கில் தோற்றது. ஆனால் அதே தீர்ப்பில், டைப்ரைட்டர் வாங்கி அடுத்தவர்களுக்கு டைப் அடித்துக் கொடுத்து, அந்தச் சுயதொழிலிலேயே பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று தெளிவாக இருக்கிறது. டைப்ரைட்டர் இருந்த மேஜையில் இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆணையம் ஏற்றுக்கொண்டது.

அடுத்து, சிபியுவை வாங்கிக்கொண்டபோது அவர்கள் எழுதிக் கொடுத்த ஜாப் கார்டு. அதன் பின்பக்கம், 'டேட்டா இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. நியாயமற்ற ஒப்பந்தம் என்று அதைத் தாக்க வேண்டுமானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும், மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. எனவே சேவைக் குறைபாடு என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டேன். முன்பக்கம், வாடிக்கையாளர் சொன்னது என்ற கட்டத்தில், கவுன்டரில் இருந்தவரே பால்பாயின்டில் எழுதியிருந்தார்: 'டேலி பேக்கப் எடுத்துட்டு ஓஎஸ் போடணும்.' அச்சடித்த வரி எல்லோருக்கும் பொது. கையால் எழுதிய வரி இந்த ஒருவருக்கு அவர்கள் கொடுத்த வாக்கு. இவருடைய பிரதி கார்பன் நகல், எழுத்து மங்கல்தான், ஆனாலும் படிக்க முடிந்தது.

அப்கிரேடு செய்யும்போது ஃபைல் போவது சகஜம் என்றும் வாதிட்டார்கள். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த அப்டேட்டில் சிலருடைய ஃபைல்கள் காணாமல் போயின. சில நாட்களிலேயே மைக்ரோசாப்ட் அதன் வெளியீட்டை நிறுத்தி வைத்தது. தயாரித்தவர்களே சகஜம் என்று விட்டுவிடாததை இவர்கள் எப்படி அப்படிச் சொல்லலாம் என்று கேட்டேன்.

நுகர்வோர் வழக்கில் சாட்சியம் பெரும்பாலும் பிரமாணப் பத்திரம்தான், நேரில் குறுக்கு விசாரணை அபூர்வம். எழுத்தில் கேள்வி அனுப்பிப் பதில் வாங்கலாம். நான் அனுப்பியவற்றில் ஒன்று: உங்கள் கடையின் சொந்தக் கணக்குக்கு எப்போது பேக்கப் எடுக்கிறீர்கள்? பதில், தினமும். ஒப்பந்தச் சட்டம் 151-வது பிரிவு, பிறர் பொருளைக் கையில் வாங்கியவன் தன் பொருளைச் சாதாரண விவேகமுள்ளவன் காப்பதுபோல் காக்க வேண்டும் என்கிறது. அந்தப் பதிலையும் அந்தப் பிரிவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன்.

இதற்கிடையே, ரெக்கவரி செய்பவர் ஒருவர் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சில ஃபைல்களை மீட்டார். ஆனால் பழைய இடத்தின் மேல் புது விண்டோஸ் எழுதப்பட்டிருந்ததால் டேலியில் அவை திறக்கவில்லை. ஏற்கெனவே தாக்கல் செய்த மாதங்களின் விற்பனை விவரத்தை அந்தப் பெண்மணி ஜிஎஸ்டி தளத்திலிருந்து எடுத்தார். மற்றதெல்லாம் பவர் டேபிள்காரர்கள் பையோடு கொண்டுவந்து கொட்டிய பில்லையும் டெலிவரி சலானையும் பார்த்து மறுபடி அடித்ததுதான்.

சேவைக் குறைபாடு நிரூபணம் என்று உத்தரவு வந்தது. வாங்கிய சர்வீஸ் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், கணக்கை மறுபடி ஏற்றியதற்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு தனி. மேல்முறையீட்டுக்கு 45 நாள் அவகாசம் இருந்தும் அவர்கள் போகவில்லை, பணத்தைக் கட்டிவிட்டார்கள்.

ஒரு தலைப்பில் மட்டும் தோற்றோம். கெடு தவறியதால் விலகிப்போன வாடிக்கையாளர்களால் ஏற்பட்ட வருமான இழப்புக்கு ஆவணம் இல்லை என்று ஆணையம் மறுத்துவிட்டது. எனக்கு இன்றும் அதில் உடன்பாடில்லை. கணக்கை வேறொருவரிடம் மாற்றுகிற பவர் டேபிள்காரர் யாரும் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை, அடுத்த மாதம் பில் பையைக் கொண்டுவர மாட்டார், அவ்வளவுதான். அந்தப் பகுதிக்கு மட்டும் மாநில ஆணையத்துக்குப் போகலாம் அம்மிணி என்று சொன்னேன். "மார்ச் முடிவு வருதுங்க, இருக்கறவீங்க கணக்க முடிச்சுக் குடுக்கோணும்" என்று சொல்லி உத்தரவு நகலை வாங்கிக்கொண்டு போனார்.