ராஜ்கட் மலையில் ஓர் இரவு

குறிஞ்சி, முல்லை, மருதம் என்று வரிசை பிறழாமல் பள்ளியில் ஒப்புவித்தவர்களே நாம் அனைவரும். மலையும் மலை சார்ந்த இடமும் நமக்கு முதல் திணை. ஆயினும் மலைமீது ஓர் இரவைக் கழித்தவர் நம்முள் எத்தனை பேர்? பழனிக்கும் திருப்பதிக்கும் ஏறுவோம். தரிசனம் முடிந்தால் இறங்கிவிடுவோம். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போவோம். அங்கும் விடுதியில் அறை எடுத்துக் கம்பளிக்குள் புகுந்துகொள்வோம். வெள்ளியங்கிரிக்கும் சதுரகிரிக்கும் செல்லும் அடியார்களை இக்கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் வேறு உறுதி கொண்டவர்கள். கூடாரம் அடித்து, மலையின் குளிரையும் இருளையும் வந்தபடி ஏற்றுப் படுத்தெழுவது எங்களைப் போன்ற குடும்பங்களின் வழக்கத்தில் இருந்ததில்லை.

புனேக்குக் குடிவந்த நமக்கு முதலில் வியப்பளிப்பது இவ்வூராரின் கோட்டைப் பித்து. சனிக்கிழமை இரவுகளில் ஸ்வார்கேட் பேருந்து நிலையத்தில் முதுகில் மூட்டை சுமந்த இளைஞர் கூட்டத்தைக் காணலாம். கோட்டை என்பது அவர்களுக்குப் பார்த்துவிட்டு வரும் இடம் அன்று. ஏறித் தங்கி வரும் இடம். மராத்தி எழுத்தாளர் கோ. நீ. தாண்டேகர் (1916–1998) வாழ்நாளெல்லாம் இக்கோட்டைகளில் அலைந்தவர். ராஜ்கட் மீது அவர் கொண்டிருந்த காதலை இங்குள்ள மூத்தோர் இன்றும் சொல்வர். நாங்களோ பத்து ஆண்டுகள் சிங்ககட்டோடு நின்றிருந்தோம். அங்கே உச்சிவரை வண்டி போகும், வெங்காயப் பஜ்ஜியும் மண்குடுவைத் தயிரும் கிடைக்கும், வேறென்ன வேண்டும்?

2009 ஜனவரியில் எங்கள் மகன் நான்காம் வகுப்பில் இருந்தான். மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டத்தில் அவ்வகுப்பின் வரலாற்றுப் பாடம் சிவாஜி மகாராஜரின் வாழ்க்கைதான். பிள்ளை அதை மனப்பாடம் செய்யவில்லை, அதற்குள்ளேயே குடியிருந்தான். ராஜ்கட் போக வேண்டும், அங்கே இரவு தங்க வேண்டும் என்று அவன் நச்சரித்ததன் பேரில் மூன்று தமிழ்க் குடும்பங்கள், பதினொரு பேர், ஒரு வேன் அமர்த்திப் புறப்பட்டோம். ராய்கட்டா, ராஜ்கட்டா என்று எங்களுள் ஒருவருக்குக் கடைசிவரை குழப்பம். ராய்கட் முடிசூட்டு விழா 1674இல் நடந்த இடம். கொங்கணப் பக்கம் உள்ளது. ராஜ்கட் அதற்கு முந்தைய தலைநகர். புனேக்குத் தென்மேற்கே, சாத்தாரா சாலையில் நஸ்ராபூர் அருகே பிரிந்து செல்லும் வழியில் உள்ளது. கால் நூற்றாண்டு சிவாஜியின் இருக்கையாக விளங்கியது இதுவே. 1666இல் ஆக்ராவிலிருந்து தப்பியவர் திரும்பி வந்து சேர்ந்ததும் இங்கேதான்.

மலை கடல் மட்டத்திலிருந்து 1300 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. குஞ்சவணே கிராமத்திலிருந்து ஏறினால் திருட்டு வாசல் எனப்படும் சோர் தர்வாஜா. செங்குத்தான பாறையில் கம்பியைப் பற்றி ஏற வேண்டும். நாங்கள் பாலி கிராமத்து வழியைத் தேர்ந்தோம். படிகள் உண்டு, அகலமும் உண்டு. ஆனாலும் எங்கள் முழங்கால்களுக்கு அது பழனி அன்று என்பது முதல் அரை மணி நேரத்திலேயே புலப்பட்டது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்தோம். சுமந்து வந்த பாத்திரங்களைப் பார்த்து, இறங்கி வந்தவர்கள் புன்னகைத்துக்கொண்டே போனார்கள். மூன்று படி அரிசி, ஒரு குக்கர், இட்லிக் கொப்பரை! எங்களுக்கே நாணமாக இருந்தது.

வழிநெடுக ஆளுயரப் புதர்களாக நின்றது கார்வி. மோர் விற்க ஏறிக்கொண்டிருந்த கிராமத்து மூதாட்டி ஒருவர், அதன் கழிகளை நெருக்கி நட்டு மண்பூசித்தான் தங்கள் வீட்டுச் சுவர்கள் எழுந்தன என்றார். ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே மலை முழுதும் ஒருசேரப் பூக்குமாம். பிற்பாடு அறிந்தோம், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நம் குறிஞ்சிக்கு நெருங்கிய உறவு இச்செடி. திணையை ஒப்புவித்தவர்கள் அதன் உறவினரை அடையாளம் காணாமல் மூச்சிரைத்துக் கடந்தோம்.

கோட்டை மூன்று கிளைகளாகப் பிரிந்து கிடக்கிறது: பத்மாவதி, சுவேளா, சஞ்சீவனி. மலைத்தோளின் மீது நீண்டு கிடக்கும் இத்தகைய சமதளத்தை மராத்தியில் மாச்சி என்பர். நடுவே தனியாக நிமிர்ந்து நிற்கும் உச்சிக்கோட்டை பாலேகில்லா. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்த கருங்கல் இது. படிவைத்துக் கட்டியதுபோல் தோன்றும். பத்மாவதி மாச்சியில்தான் நீர்நிலை இருக்கிறது. பத்மாவதி தேவியின் கோயிலும், சிவாஜியின் துணைவியார் சயீபாயின் சமாதியும் இருக்கின்றன. அந்த அம்மையார் 1659இல் இம்மலையிலேயே காலமானார். சம்பாஜிக்கு அப்போது இரண்டு வயது. அச்சமாதியின் முன் எங்கள் வீட்டுப் பெண்கள் நெடுநேரம் நின்றார்கள்.

அக்காலத்தில் மலையேறுவோர் கோயில் மண்டபத்தில் படுக்கலாம். இன்று கோட்டைகளில் இரவு தங்குவதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளமையால், செல்ல விரும்புவோர் முன்கூட்டியே கேட்டறிதல் நலம். நாங்கள் முதியோரைக் கோயிலில் விட்டு, இரவல் வாங்கிய இரு கூடாரங்களை வெளியே அடிக்க முற்பட்டோம். பாறைமேல் நாலு விரல் மண்தான், முளை இறங்கவில்லை. அருகே முகாமிட்டிருந்த புனே கல்லூரி மாணவர்கள் சிலர் எங்கள் தவிப்பைக் கண்டு எழுந்து வந்தனர். "காகா, முளை வேண்டாம், கல்லில் கட்டுங்கள்" என்று சொல்லி, தலையளவு கற்களைப் பொறுக்கி வந்து கயிறுகளை இழுத்துக் கட்டினார்கள். வாசலைக் காற்றுக்கு எதிர்ப்புறம் திருப்பினார்கள். காகா என்றால் சித்தப்பா. அந்த ஒரு சொல்லில் அவர்கள் எங்களை உறவாக்கிக்கொண்டார்கள். நாங்கள் அவர்கள் பெயரைக் கூடக் கேட்கவில்லை.

இந்த நேரத்தில் குரங்குகள் வந்து புளியோதரைத் தூக்கைக் கவர்ந்து சென்றன. மூன்று நாள் தாங்கும் என்று பார்த்துப் பார்த்துக் கிளறியது மூன்று நிமிடத்தில் தீர்ந்தது. குக்கரில் சோறு வைக்கக் காற்று விடவில்லை. அடுப்பு அணைந்துகொண்டே இருந்தது. கடைசியில் மோர் விற்ற மூதாட்டியிடமே சரணடைந்தோம். அவர் சோள ரொட்டியும் பிட்லாவும் கொடுத்தார். நாம் பூரிக்குத் தொட்டுக்கொள்ளும் கடலைமாவுக் குழம்பின் கெட்டியான உடன்பிறப்பு அது. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் எங்களுடன் இருந்தார். "எங்கள் வீட்டுப் பிட்லை என்ற பெயர் இதிலிருந்து வந்தது என்பார்கள், சுவைதான் வேறு" என்று சொல்லி மூன்றாவது ரொட்டியைக் கேட்டு வாங்கினார். மராட்டியர் தஞ்சையை ஆண்ட கதையை அன்றிரவு அவர்தான் எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார். எங்கள் மகன் அதை முன்பே அறிந்தவன்போல் தலையாட்டினான்.

அந்த இரவை என்னென்று சொல்வது! வடகிழக்கே வானத்தின் அடியில் மங்கலான மஞ்சள் ஒளி. அதுதான் புனே என்றார்கள். நாங்கள் கடன் வாங்கிக் கட்டிய வீடும், வேலைக்குப் போகும் தொழிற்சாலையும், பத்தாண்டுக் கவலைகளும் அந்த ஒளிக்குள் அடங்கிக் கிடந்தன. தலைக்கு மேலே விண்மீன்கள் எண்ணிலாதன. கூடாரத் துணி இரவு முழுதும் படபடத்தது. விடியுமுன் பனியில் போர்வை நனைந்துவிட்டது. உறங்கியவர்கள் குழந்தைகள் மட்டுமே என்று எண்ணியிருந்தோம்.

நாலரை மணிக்கு மகனின் படுக்கை காலியாக இருந்தது.

சிறுநீர் கழிக்கப் போயிருப்பான் என்று ஐந்து நிமிடம் பொறுத்தோம். பிறகு கூப்பிட்டோம். காற்று குரலைப் பிடுங்கிக்கொண்டு போனது. எங்களில் ஒருவர் நீர்நிலையை நோக்கி ஓடினார். ஒருவர் மதிலோரம் கைவிளக்கை அடித்துப் பார்த்தார். மதிலுக்கு அப்பால் விளக்கின் ஒளி எதன்மீதும் விழவில்லை. அப்போது உண்டான உணர்வை எழுதுவதற்கு இன்றும் கை எழவில்லை. கோயிலில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்தார்கள். நாங்கள் தமிழில் அவன் பெயரைக் கூவினோம். முன்பின் அறியாதவர்கள் மராத்தியில் அதே பெயரைக் கூவினார்கள். மூதாட்டி மட்டும் பதறவில்லை. மாணவர்கள் சூரியோதயம் பார்க்கச் சுவேளா மாச்சிக்குப் போயிருக்கிறார்கள், அவர்களோடு போயிருப்பான் என்றார்.

அரைமணி நேர நடை, குறுகிய பாதை. நாங்கள் அதை எவ்வாறு கடந்தோம் என்பது நினைவில் இல்லை. சுவேளா மாச்சியில் பாறைச்சுவர் ஒன்றில் ஊசியின் காதுபோல் ஓர் இயற்கைத் துளை உண்டு, நேடே என்பார்கள். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. துளைக்குக் கீழே, ஒரு மாணவனின் கம்பளிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு எங்கள் மகன் உட்கார்ந்திருந்தான். அடிக்க ஓங்கிய கை அவனைத் தூக்கிக்கொண்டது. மாணவர்கள் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்கள். பெற்றோரிடம் சொல்லிவிட்டதாகப் பையன் கூறினானாம்! பொய்தான். அதற்கான தண்டனை வீட்டில் நடந்தேறியது. அது இங்கே வேண்டாம்.

அவன் எங்கள் அழுகையைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "அப்பா, ராஜாராம் மகாராஜ் இங்கேதான் பிறந்தாராம். பெரியவரானதும் ஜிஞ்சிக்குப் போய்விட்டாராம். ஜிஞ்சி எங்கே இருக்கிறது?" என்று கேட்டான்.

"எங்கோ தெற்கே" என்றோம்.

மாணவர்களுள் ஒருவன் பணிவோடு திருத்தினான். "உங்கள் பக்கம்தான் காகா. தமிழ்நாட்டில். மூன்று குன்றுகளும் அவற்றைச் சேர்த்து வளைத்த மதிலும் இருக்கும். பாண்டிச்சேரியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் வழியில்."

செஞ்சி! எங்களுள் ஒருவருக்குச் சொந்த ஊர் திண்டிவனம். செஞ்சி அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்குப் பேருந்தில் செல்லும்போதெல்லாம் சன்னல் வழியே பார்த்த குன்றுகள். தேசிங்கு ராஜன் கதையைத் திண்ணையில் கேட்டு வளர்ந்ததுண்டு. கோட்டைக்குள் ஒருமுறையும் கால் வைத்ததில்லை. தேசிங்கு வீழ்ந்தது 1714இல். அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே, 1689இல், அண்ணன் சம்பாஜி ஔரங்கசீப்பால் கொல்லப்பட்டபின், பத்தொன்பது வயது ராஜாராம் மாறுவேடத்தில் நாடு கடந்து செஞ்சிக்கு வந்து சேர்ந்தார் என்பதை அன்றுவரை நாங்கள் அறியோம். அவருடைய தந்தை 1677இல் கைப்பற்றி வலுப்படுத்தி வைத்த கோட்டை அது. மொகலாயப் படை ஆண்டுக்கணக்காக முற்றுகையிட, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் மராட்டிய அரசின் தலைநகர் நம் செஞ்சியே. 1698இல் கோட்டை வீழுமுன் தப்பித் தாயகம் திரும்பிய ராஜாராம், 1700இல் முப்பதே வயதில் இறந்தார். இறந்த இடம் சிங்ககட். நாங்கள் பத்தாண்டுகளாகப் பஜ்ஜி தின்னச் சென்ற அதே சிங்ககட்டில்தான் அவருடைய சமாதி இருக்கிறது. அதன் நிழலில் ஒருமுறை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இளைப்பாறியதும் நினைவுக்கு வந்தது.

பத்தொன்பது வயதில் பிழைக்க வழி தேடி ஊரைவிட்டு வந்தவர்களின் மனநிலை எங்களுக்குத் தெரியும். அவர் இங்கிருந்து அங்கே போனார். நாங்கள் அங்கிருந்து இங்கே வந்தோம். அவருக்கு அந்த ஊர் சோறு எப்படி இறங்கிற்றோ என்று இறங்கும் வழியெல்லாம் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

ஆண்டுகள் ஓடின. 2025 ஜூலையில், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற செய்தி வந்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; பன்னிரண்டாவது செஞ்சி. பட்டியலில் ராஜ்கட்டும் உண்டு. பெங்களூரில் வேலையிலிருக்கும் மகன் அன்றிரவே தொலைபேசியில் அழைத்தான்: "இந்த முறை ஊருக்குப் போகும்போது பேருந்திலிருந்து பார்க்கப் போவதில்லை."

சென்ற டிசம்பரில் ஏறினோம். ராஜ்கட்டின் அடுக்குப் பாறைக்கு நேர்மாறாக, செஞ்சியில் யாரோ கொட்டிக் குவித்ததுபோல் உருண்டை உருண்டையான பாறைகள். முதன்மையான குன்றின் பெயர் ராஜகிரி. பொருளில் ராஜ்கட்டுக்கு அண்டை வீட்டார். பதினாறு ஆண்டில் எங்கள் முழங்கால்கள் இன்னும் மோசமாகியிருந்தன. மகன் முன்னே ஏறி நின்று கைகொடுத்தான். உச்சிக்கு அருகில் பிளந்த பாறையின் குறுக்கே ஒரு சிறு பாலம். அதைக் கடந்தால் ரங்கநாதர் கோயிலும் கீழே பச்சை வயல்களும். இங்கே கூடாரத்துக்கு இடமில்லை. மாலைக்குள் இறங்கிவிட வேண்டும்.

பாலத்தருகே உள்ளூர் இளைஞர் சிலர் அமர்ந்திருந்தனர். ராஜாராமைப் பற்றி மகன் கேட்டான். தேசிங்கைத் தெரியும், குதிரையைத் தெரியும், இவரைத் தெரியாது என்றார்கள். அவர்களை நாங்கள் குறை சொல்ல முடியுமா? மகன் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மராத்தி வாடை வீசும் தன் தமிழில், ஒரு மலையில் பிறந்து இந்த மலைக்கு வந்த இளைஞனின் கதையைச் சொன்னான். மாச்சி, நேடே, சயீபாய் சமாதி எல்லாம் வந்தன. அவர்களும் ஆர்வமாகக் கேட்டார்கள்.

"அந்த மலை எங்கே அண்ணா இருக்கிறது?" என்றான் ஒருவன்.

"எங்கள் ஊரில்" என்றான் மகன்.

கீழேயிருந்து காவலரின் ஊதல் கேட்டது. ஒருவர் தோளை ஒருவர் பற்றியபடி இறங்கலானோம்.