பொம்மை டிராமுக்குக் குரல் கொடுத்த பியானோ

பல் தந்தியடிக்கிறது. மார்கழிப் பனிக்கே மப்ளர் தேடுகிற ஆள், பிட்ஸ்பர்க்கின் ஜனவரியில் ஆற்றங்கரையில் நிற்கலாமா? எதிரே அலகேனியும் மொனோங்கஹேலாவும் கூடி ஒஹையோ ஆறாகின்றன. அந்தக் கூடுதுறையைப் பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருக்கிறார். வெண்கல மனிதர், பத்தடிக்கும் மேலே! இடித்த பாலம் ஒன்றின் மிச்சத் தூணில் 2009-இல் வைத்திருக்கிறார்கள். படைத்தளபதியாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை, குழந்தைகளுக்கு டிவியில் பாட்டுப் பாடியவர்.

பெயர் பிரெட் ராஜர்ஸ். அவருடைய 'மிஸ்டர் ராஜர்ஸ் நெய்பர்ஹுட்' 1968 முதல் 2001 வரை அமெரிக்கா முழுக்க ஓடியது. எடுத்ததெல்லாம் இதே ஊரில்தான்.

வேறொரு பாலத்தைக் கடந்து ஸ்ட்ரிப் டிஸ்ட்ரிக்ட் பக்கம் போனால் காப்பி வாசனையும் மீன் வாடையும் கைகோத்து வருகின்றன. அங்கே ஹைன்ஸ் வரலாற்று மையம், ஒரு காலத்தில் ஐஸ் கம்பெனியின் கிடங்காம். இந்தக் குளிரில் ஐஸை யார் காசு கொடுத்து வாங்கினார்களோ!

உள்ளே அந்த நிகழ்ச்சியின் அசல் செட். அவர் தினமும் பாடிக்கொண்டே நுழைந்த அறை, பொம்மை ராஜா ஃப்ரைடேயின் கோட்டை, ஆந்தையும் பூனையும் குடியிருந்த ஓக் மரம். ராஜா, ராணி, ஆந்தை, பூனை எல்லாவற்றுக்கும் குரல் அவர் ஒருவரேதான். கோட்டைக்குப் பின்னால் எப்படிக் குனிந்திருப்பார் என்று எட்டிப் பார்க்கக் கழுத்து துடித்தது. காவலரின் பார்வை தடுத்துவிட்டது.

ராத்திரி ஹோட்டல் அறையில் ஹீட்டரைக் கட்டிக்கொள்ளாத குறையாக உட்கார்ந்து பழைய எபிசோடுகளைப் போனில் போட்டேன். கோட்டைக் கழற்றி ஸ்வெட்டர் மாட்டுகிறார். ஷூவை ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார். அவ்வளவுதான் விளையாட்டு! ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று காட்ட, முட்டை வேகவைக்கும் டைமரை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தவராம் இவர். நம் சேனல்களில் அந்த நேரத்துக்குள் நாலு விளம்பரம் ஓடியிருக்கும்.

ஆனால் ஷூ பறக்கும்போது கூடவே பியானோ துள்ளுகிறதே, அதை என்ன சொல்ல! வாசித்தவர் ஜானி கோஸ்டா, தேர்ந்த ஜாஸ் கலைஞர். முன்பே பதிந்து ஒட்டிய இசை இல்லை. நாடகக் கொட்டகை ஹார்மோனியக்காரர் மாதிரி, நடிப்பவரின் கையையும் முகத்தையும் பார்த்து அங்கேயே வாசித்தார். நிகழ்ச்சியில் வரும் பொம்மை டிராம் பேசுவதெல்லாம் அவர் விரல்தான். குழந்தைகள்தானே என்று இசையை மழுக்க மாட்டேன் என்பது அவர் பிடிவாதம். ராஜர்ஸும் சங்கீதம் படித்தவர்; 1951-இல் இசைப் பட்டம் வாங்கி, நிகழ்ச்சிக்குச் சுமார் 200 பாட்டு எழுதியவர். அவருக்கா இது புரியாது?

எனக்குப் பிடித்தது, அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனபின் பெயர்கள் ஓடும் இடம். அங்கே கோஸ்டாவைக் கேட்பாரில்லை. விரல்கள் அவிழ்த்துவிட்ட கன்றாக ஓடுகின்றன. அதற்காகவே இன்னொரு எபிசோட், அப்புறம் இன்னொன்று. பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார். நிறுத்தச் சொன்னாரா, சத்தம் கூட்டச் சொன்னாரா? இந்த ஊரில் இரண்டுக்கும் வாய்ப்பிருக்கிறது.