சலவை இயந்திரமும் ஒரு வீண் பழியும்

தில்லியில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகியும், ஒரு வாளித் தண்ணீர் வீணானால் எங்கள் நெஞ்சு பதைப்பது நின்றபாடில்லை. குழாயில் நீர் வரும் வேளையைக் கணக்கிட்டு எழுந்து மாடித்தொட்டியை நிரப்பும் இந்நகரத்து அன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய இல்லத்தில், 2023 ஆம் ஆண்டு தீபாவளிக்கு நான்கு நாள் முன்னர், சலவை இயந்திரம் நிரம்பி வழிந்து கூடம்வரை வெள்ளம் பரவியது.

அப்போது அதன் அருகில் இருந்தவர் எங்கள் அன்னையார் ஒருவரே. தந்தையார் மறைந்தபின் கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து தங்கியவர், இந்தி அறியாதவர். காவிரிப் படித்துறையில் துவைத்துப் பழகிய கைகளுக்குப் பொத்தான்களைப் பழக்கியவர்களும் நாங்களே.

"எதையாவது மாற்றி அழுத்திவிட்டீர்களா, அம்மா?" என்று வினவினோம். வினாவாயினும் அதன் தொனி தீர்ப்பாகவே இருந்தது.

"இருக்கலாம். எனக்கும் வயதாகிவிட்டதல்லவா?" என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் பேசவில்லை.

மறுநாள் பழுது பார்க்க வந்தவர், இயந்திரத்தைத் திறந்தும் பாராமல், மின்னணுப் பலகை கெட்டுவிட்டது, 5,000 ரூபாய் ஆகும் என்று கூறிச் சென்றார். மாலையில் கீழ்வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் கதவைத் தட்டினார். தீபாவளிக்கென்று புதிதாக வெள்ளையடித்த அவர் வீட்டுக் கூரையில் எங்கள் நீர் கசிந்து கறை படிந்திருந்தது. சண்டையை எதிர்பார்த்தே கதவைத் திறந்தோம். அவரோ, வாழ்நாளெல்லாம் மின்பணி செய்து ஓய்வு பெற்றவர். "முதலில் இயந்திரத்தைக் காட்டுங்கள்" என்றார்.

தரை உலர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இயந்திரத்தை ஓடவிட்டார். நீர் விழத் தொடங்கியதும் மின்சாரத்தை நிறுத்தினார். நீரும் உடனே நின்றது. "அப்படியானால் நீரை உள்ளே விடும் வால்வு நன்றாயிருக்கிறது" என்றார். மின்சாரம் இல்லாதபோதும் நீர் விழுந்துகொண்டேயிருந்தால் அந்த வால்விலேதான் மணலோ உப்போ சிக்கியிருக்கும் என்றும், உடனே குழாயை மூடிவிட வேண்டும் என்றும் விளக்கினார். பலகையும் கெட்டிருக்கக்கூடும், ஆயினும் செலவில்லாததை முதலில் பார்ப்போம் என்பது அவர் வாதம்.

இயந்திரத்திலுள்ள நீரை முற்றும் வடித்து, இணைப்பைப் பிடுங்கிய பின்னரே பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மேலேயுள்ள நீர்மட்டச் சுவிட்சுக்குச் செல்கிறது. நீர் ஏற ஏற அதனுள் அடைபட்ட காற்று அழுந்துகிறது. 'போதும்' என்று இயந்திரத்துக்கு அறிவிப்பது அவ்வழுத்தமே. குழாயில் மயிரிழை வெடிப்பு இருப்பினும் காற்று கசிந்துவிடும். வயிறு நிறைந்ததை அறியாமல் இயந்திரம் நீரைக் குடித்துக்கொண்டேயிருக்கும். எங்கள் குழாயின் நுனி இறுகி வெடித்திருந்தது. அரை அங்குலம் நறுக்கி, மீண்டும் இறுகப் பொருத்தினார். நீர் உள்ளே நிற்கும்போது பொருத்தினால் அளவு தவறிவிடுமாம். வடித்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. மறுபடி ஓட்டியபோது நீர் உரிய மட்டத்தில் நின்றது.

வாயிற்படியில் நின்றிருந்த அன்னையாரை நோக்கி, "மாதாஜி" என்று தொடங்கி இந்தியில் ஏதோ பரிவுடன் சொன்னார். அன்னையார் எங்கள் முகத்தைப் பார்த்தார். அதனைத் தமிழில் பெயர்த்துரைக்கும் கடமை எங்கள்மேல் விழுந்தது.

"இது பல நாளாக இற்றுவந்த குழாயாம். உங்கள் கை பட்டதனால் ஒன்றும் ஆகவில்லையாம், அம்மா."

சொல்லி முடிக்குமுன் எங்கள் குரல் தாழ்ந்துவிட்டது. "நாங்கள் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றும் சேர்த்துக்கொண்டோம். அது பெரியவர் சொன்னதன்று.

"குழாய்தானா?" என்றார் அன்னையார். பிறகு பெரியவருக்குக் காப்பி கலக்க அடுக்களைக்குள் சென்றார்.

கீழ்வீட்டுக் கூரைக்கு மறுபடி வெள்ளையடிக்கும் செலவை நாங்கள் ஏற்றோம். இயந்திரம் அதன்பின் ஒருமுறையும் வழியவில்லை. அன்னையார் மட்டும் தம் புடவையைத் தாமே வாளியில் அலசிப் பிழிந்து கொடியில் உலர்த்துகிறார். எத்துணை வேண்டியும் பொத்தானைத் தொடுவதில்லை.