மங்கலாப் போன வீடு

டிசம்பர் கடைசி. மெமரி கார்டை காலி பண்ண உட்கார்ந்தா, ஒரே ஒரு படத்துல கை நின்னுடுது.

ஜனவரியில எடுத்தது. கள்ளக்குறிச்சியில பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை மேல வெள்ளிமலை. (2019 நவம்பர் 26-லயே நாங்க தனி மாவட்டம் ஆயிட்டோம் பாஸ், இன்னும் 'விழுப்புரமா?'ன்னு கேட்காதீங்க!) கூரை வீட்டு வாசல்ல ஒரு ஆயா சாமை புடைச்சுக்கிட்டிருந்தாங்க. மலையாளி பழங்குடி, பேர்தான் அப்படி, பேசுறது தமிழ். எஃப் 1.8-ல க்ளிக். முகச் சுருக்கம் பளிச், பின்னாடி மொத்தமும் பஞ்சு மாதிரி மங்கல். காலேஜ்ல ஏக பாராட்டு!

"படம் புடிக்கிறவங்க யாரும் திரும்பி வர்றதில்ல தம்பி"ன்னு அன்னிக்கே சொன்னாங்க. அந்த ரோஷத்துல, போன வாரம் பிரின்ட் போட்டு எடுத்துட்டுப் போனேன். கூரை வீட்டைக் காணோம். அதே இடத்துல கான்கிரீட் வீடு, பெயின்ட் வாசனையோட. ஆயா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க. தன் முகத்தை இல்ல. விரல் அந்த மங்கலையே தடவுச்சு.

"வீடு தெரியலியே சாமி... எங்க வூட்டுக்காரரு வேய்ஞ்ச கூரை."

எஃப் 8-ல வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு திருகு, அவ்ளோதான். 'ஸாரி ஆயா'ன்னேன். அவங்களுக்கு அது காதுலயே விழல.

"வந்தியே, அது போதும்"னு கிளம்பும்போது ரெண்டு கை சாமையை கேமரா பையில கொட்டிட்டாங்க. இப்பவும் பையைத் திறந்தா ஓரத்துல தானியம் கிடக்கு. தட்டிவிட மனசு வரலை.